உயிரியல் வகுப்பில் வினவல் முறை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் எடுப்பவர்களுக்கான பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய்வருகிறேன். மாவட்டம் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அரங்கில் எழுந்து கேட்பதைவிட, டீ இடைவேளையில் தனியாக வந்து கேட்கப்படும் கேள்விகள்தான் பெரும்பாலும் விஷயமுள்ளவை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற வாரியங்களில் இருப்பவர்கள் தேர்வு பற்றிய பகுதியை மட்டும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

வினவல் முறைன்னா சரியா என்ன சார்? நான் வகுப்புல கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், அது போதாதா?

நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை?" என்றால் வகுப்பே ஒரே குரலில் சூரிய ஒளி, பச்சையம், நீர் என்று ஒப்பித்துவிடும். பதில் புத்தகத்தில் இருக்கிறது, அவர்கள் நினைவிலிருந்து எடுத்துத் தருகிறார்கள். "இந்த இலைத்துண்டை வராந்தாவில் வைத்தால் என்ன ஆகும்? வகுப்புக்குள் வைத்தால்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டு, முதலில் கணிப்பை எழுத வைத்து, செய்து பார்த்து, கிடைத்த எண்ணை வைத்து வாதாட விட்டால் அதுதான் வினவல் முறை. கேள்வி, கணிப்பு, சான்று, விளக்கம், அந்த விளக்கத்தை இன்னொருவர் மறுப்பது: இவை எல்லாமோ பாதியோ பிள்ளைகளின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய பி.எஸ்.சி.எஸ் என்னும் உயிரியல் பாடத்திட்ட அமைப்பில் பணியாற்றிய ஜோசப் ஷ்வாப், பள்ளிகளில் அறிவியலை முடிந்துபோன முடிவுகளின் பட்டியலாகவே நடத்துகிறார்கள், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை மறைத்துவிடுகிறார்கள் என்று 1960களிலேயே குறைப்பட்டார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மெண்டல் என்ன சொன்னார் என்பது தெரியும், எதை எண்ணினார் என்பது தெரியாது.

இதுவும் ஏபிஎல் மாதிரி இன்னொரு திட்டமா? நாலு வருஷம் ஓடிட்டு நின்னுடுமா?

சலிப்பு புரிகிறது. ஏபிஎல் என்ற செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டை, ஏணிப்படி, வட்டமாக உட்காருதல் என்று அதற்கென்று ஒரு முழு அமைப்பு இருந்தது. அதுவும் தொடக்க வகுப்புகளுக்கானது. வினவல் முறைக்கு அட்டையும் கிடையாது, படிவமும் கிடையாது. நீங்கள் இன்று நடத்தும் பாடத்தின் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. மேலிடத்து உத்தரவு தேவைப்படாத விஷயம் என்பதால், உத்தரவு போட்டு நிறுத்தவும் முடியாது.

இந்தியாவில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் அது. கிராமத்துப் பள்ளிகளில், கையில் கிடைத்த பொருள்களை வைத்து, பிள்ளைகளே செய்து கண்டுபிடிக்கும்படி பாடநூல்களை எழுதினார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. முப்பது வருடம் ஓடி, 2002இல் மாநில அரசு நிறுத்தியது. திட்டம் நின்றுபோனதைச் சொல்பவர்கள், அது முப்பது வருடம் அரசுப் பள்ளிகளில் ஓடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரெக்கார்டு நோட்டுல ஏற்கெனவே சோதனை எல்லாம் செய்யறோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

ரெக்கார்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு என்று எழுதுகிறோம். பெரும்பாலும் முடிவை எழுதிய பிறகுதான் சோதனையே நடக்கிறது! (நடக்காமலும் போகிறது. அது தனிக்கதை.) உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். கிழங்கைக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசி குத்தி அடையாளம் வைத்து, தண்ணீரில் நிறுத்துகிறோம். மட்டம் ஏறுகிறது. "சவ்வூடு பரவல் நிரூபிக்கப்பட்டது." ஏறாவிட்டாலும் ஏறியதாகத்தான் எழுதுவார்கள்.

அதே கிழங்கைக் கொஞ்சம் மாற்றுங்கள். தோல் நீக்கி, ஒரே கிழங்கிலிருந்து ஒரே தடிமனில் 5 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர், 0.5%, 1%, 2%, 4% உப்புக் கரைசல் என்று ஐந்து டம்ளர்கள். காலையில் போட்டு மதியம் எடுத்து ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நீள வேறுபாடு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். தண்ணீரில் கிடந்தது விறைத்து நிற்கும், 4 சதவீதத்தில் கிடந்தது விரலில் ரப்பர் போல வளையும். இப்போது கேள்வி: எந்தச் செறிவில் கிழங்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை? அப்படியென்றால் கிழங்கின் செல்லுக்குள் என்ன இருக்கிறது? இதற்குப் புத்தகத்தில் விடை இல்லை, வரைபடத்தில்தான் இருக்கிறது.

இதிலும் படிகள் உண்டு. முடிவு தெரிந்த சோதனையைச் சரிபார்ப்பது கீழ்ப்படி. கேள்வியும் செய்முறையும் நீங்கள் தந்து, முடிவை அவர்கள் காண்பது அடுத்தது. கேள்வியை மட்டும் தந்து, செய்முறையை அவர்களே வகுப்பது அதற்கும் மேல். கேள்வியே அவர்களுடையதாக இருப்பது உச்சி. பலர் உச்சிப்படியை மட்டும்தான் வினவல் முறை என்று நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். பள்ளியில் நடு இரண்டு படிகளில் நின்றாலே எனக்குப் போதும்.

பாடம் நடத்திட்டு சோதனையா, சோதனை முடிச்சிட்டுப் பாடமா?

சோதனை முதலில். பி.எஸ்.சி.எஸ் அமைப்பில் ராட்ஜர் பைபீ குழுவினர் 1980களில் உருவாக்கிய ஐந்து கட்ட மாதிரியைப் பி.எட்.டில் படித்திருப்பீர்கள்: ஆர்வமூட்டல், ஆராய்தல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல். அதில் விளக்கம் மூன்றாவதாக வருவதுதான் விஷயமே. மற்றதெல்லாம் நாம் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் செய்பவைதான்.

சவ்வூடு பரவல் என்ற சொல்லைக்கூட முதலில் சொல்லாதீர்கள். கிழங்கு வளைந்ததைத் தொட்டுப் பார்த்து, "தண்ணி எங்க போச்சு?" என்று அவர்கள் கேட்ட பிறகு சொல்லைக் கொடுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு ஒரு தேவை இருக்கும்.

எங்க ஸ்கூல்ல லேப்பே இல்ல சார். மைக்ரோஸ்கோப் ஒண்ணு இருக்கு, அதுவும் பீரோவுல பூட்டிக் கிடக்கு. என்ன செய்ய?

உயிரியலில் வினவல் சோதனைகளில் பெரும்பகுதிக்குச் சமையலறையும் மெடிக்கல் ஷாப்பும் போதும். முளைக்கட்டிய பச்சைப்பயறு இரண்டு நாளில் தரவு தரும். வடித்த கஞ்சி, அயோடின், அவரவர் உமிழ்நீர் இருந்தால் நொதிப் பாடம் தயார். உருளைக்கிழங்குத் துண்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டு நுரையின் உயரத்தை அளந்தால் கேட்டலேஸ் என்ற நொதிக்கான பாடம். வேகவைத்த கிழங்கைப் போட்டுப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது இலைவட்டச் சோதனை. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று, பாலக்கீரை இலை, ஆப்ப சோடா, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. 300 மி.லி. தண்ணீரில் கால் டீஸ்பூனில் பாதியளவு சோடாவைக் கரையுங்கள். ஸ்ட்ராவாலோ காகிதம் துளையிடும் கருவியாலோ இலையில் நடுநரம்பைத் தவிர்த்துப் பத்து வட்டங்கள் எடுங்கள். சிரிஞ்சில் வட்டங்களையும் கரைசலையும் எடுத்து, முனையை விரலால் அடைத்து, உலக்கைத் தண்டைப் பின்னால் இழுத்துப் பத்து விநாடி பிடித்து விடுங்கள். இலைக்குள் இருந்த காற்று குமிழாக வெளியேறும், கரைசல் உள்ளே புகும். இரண்டு மூன்று முறை செய்தால் வட்டங்கள் ஒவ்வொன்றாக அடியில் போய் உட்காரும். அவற்றை டம்ளரில் கொட்டி வெளிச்சத்தில் வையுங்கள். சில நிமிடங்கள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு வட்டத்தின் ஒரு பக்கம் லேசாக எழும்பும், விளிம்பில் நிற்கும், சட்டென்று மேலே வரும். அந்த நேரத்தில் வகுப்பின் சத்தத்தைக் கேட்க வேண்டும்! நிமிடத்துக்கு எத்தனை வட்டம் மிதக்கிறது என்று குறித்தால் ஒளிச்சேர்க்கை வேகத்துக்கு ஓர் எண் கிடைத்துவிடும். டம்ளரை அட்டைப்பெட்டியால் மூடி வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் மிதந்தவை மீண்டும் மூழ்கத் தொடங்கியிருக்கும். ஏன் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். சுவாசித்தல் பாடம் வரும்வரை அந்தக் கேள்வி பலகையின் மூலையில் இருக்கட்டும்.

மைக்ரோஸ்கோப்பைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கும். பள்ளிக்கு இரண்டு மூன்று இருந்தால் இலைத்துளைவரை பார்க்கலாம். பீரோவில் இருப்பதையும் வெளியே எடுங்கள். உடைந்தால் கணக்குக் கேட்பார்களே என்ற பயத்திலேயே பல கருவிகள் புதிதாகவே பழையதாகிவிடுகின்றன.

ஒரு பீரியட் 45 நிமிஷம். இதையெல்லாம் செஞ்சா போர்ஷன் எப்ப முடிக்கறது?

எல்லாப் பாடத்துக்கும் செய்யாதீர்கள். பருவத்துக்கு இரண்டு மூன்று போதும். செல் நுண்ணுறுப்புகளின் பெயர், வகைப்பாட்டின் படிநிலை, ஹார்மோன்களின் பட்டியல் போன்றவற்றை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதே சரி. கால்ஜி உறுப்பு என்ற பெயரை எந்தப் பிள்ளையும் ஆராய்ந்து கண்டுபிடிக்கப் போவதில்லை.

நேரத்தை உடைத்துக்கொள்ளலாம். ஒரு பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்தில் கேள்வியும் கணிப்பும். மறுநாள் சோதனை. அளவெடுப்பதை மதிய உணவு இடைவேளையில் இரண்டு பேர் செய்யலாம். அதற்கடுத்த பீரியடில் விவாதம். இப்படி நடந்த பாடத்தை மீண்டும் நடத்த வேண்டியிருக்காது, திருப்புதலில் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். முழுவதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

என் வகுப்புல 60 பிள்ளைங்க. குழுவா பிரிச்சா கத்தல்தான் மிச்சம். பக்கத்து வகுப்பு சார் வந்து நிக்கறாரு.

ஐந்தாறு பேர் கொண்ட குழு, பருவம் முழுக்க அதே குழு. ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் பொருள் வாங்கி வர, மற்றவர்கள் செய்ய. வேலை வாராவாரம் சுழலட்டும், இல்லையென்றால் கையெழுத்து அழகாக இருக்கும் பெண் வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பாள், கையால் எதையும் தொட்டிருக்க மாட்டாள். இதை நீங்கள் கவனிக்காவிட்டால் அது கட்டாயம் நடக்கும்.

பத்துக் குழுவும் ஒரே சோதனையைச் செய்யத் தேவையில்லை. ஆளுக்கொரு செறிவு, ஆளுக்கொரு இடம் என்று பிரித்துவிட்டால், மற்ற குழுவின் எண் இல்லாமல் யாராலும் வரைபடம் போட முடியாது. அப்போது அடுத்த குழு தப்பாக அளந்ததா என்று அவர்களே கவலைப்படுவார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த ஒரு பீரியடுக்கு மரத்தடிக்குப் போய்விடுவது பக்கத்து வகுப்பு சாருக்கும் நல்லது.

பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க. "எதாவது கேள்வி இருக்கா"ன்னா தலையக் குனிஞ்சுக்கறாங்க.

ஒன்பது வருடம் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவர்கள் பத்தாவது வருடம் திடீரென்று கேட்க மாட்டார்கள். வாயால் கேட்கச் சொல்லாமல், ஒரு பொருளைக் கையில் கொடுத்து, துண்டுச்சீட்டில் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். தொட்டாற்சிணுங்கிச் செடி ஒன்று போதும். "ராத்திரியும் சிணுங்குமா?", "காத்து அடிச்சா ஏன் மூடல?", "தொட்டுக்கிட்டே இருந்தா அதுக்குச் சலிச்சுப் போகுமா?" இந்த மாதிரி வரும்.

பிறகு சீட்டுகளைப் பிரியுங்கள்: செய்து பார்த்துச் சொல்லக்கூடியவை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை, இரண்டாலும் முடியாதவை. "செடிக்கு வலிக்குமா?" என்பது மூன்றாவது கூடையில் விழும். "இருபது தடவை தொட்ட பிறகு இலை மூட எவ்வளவு நேரம் ஆகிறது?" என்பது முதல் கூடையில். 'வலிக்குமா' போன்ற கேள்வியை முதல் கூடைக் கேள்வியாக மாற்றக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த முறையின் கடினமான பகுதி, சோதனை செய்வது அல்ல.

தொட்டாற்சிணுங்கிக்குச் சலிப்பு வருமான்னு கேட்டா எனக்கே பதில் தெரியாதே. மானம் போயிடாதா?

தெரியாது என்று சொல்லிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள். இந்தக் குறிப்பிட்ட கேள்வியை ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மோனிகா கேக்லியானோவும் உடனிருந்தவர்களும் தொட்டிச் செடிகளை 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில முறைக்குப் பிறகு செடிகள் இலை மூடுவதை நிறுத்தின, ஆனால் வேறு மாதிரி அசைத்தால் மூடின. பல நாள் கழித்தும் அந்தப் பழக்கம் இருந்தது. இதைக் கற்றல் என்று சொல்லலாமா என்பதில் இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நூறு வருடத்துக்கு முன்பே ஜகதீஷ் சந்திர போஸ் இதே செடியை வைத்துக்கொண்டுதான் கருவிகள் செய்துகொண்டிருந்தார்.

உங்கள் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வியும் ஓர் ஆய்விதழில் வந்த கேள்வியும் ஒன்றாக இருப்பதில் மானம் எங்கே போகிறது?

மரபியல், பரிணாமம் மாதிரி சோதனை செய்ய முடியாத பாடத்துக்கு என்ன வழி?

தரவை நீங்கள் கொடுங்கள், யோசிப்பதை அவர்கள் செய்யட்டும். மெண்டலின் விகிதத்தைச் சொல்லாமல், அவர் எண்ணிய எண்களை மட்டும் பலகையில் எழுதுங்கள். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5474, சுருங்கியது 1850. மஞ்சள் விதை 6022, பச்சை 2001. ஊதாப் பூ 705, வெள்ளை 224. உப்பிய கனி 882, இறுகியது 299. பச்சைக் கனி 428, மஞ்சள் 152. இலைக்கோணத்தில் பூ 651, நுனியில் 207. நெட்டை 787, குட்டை 277. "இதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கைகட்டி நில்லுங்கள்.

வகுத்துப் பார்ப்பார்கள். 2.96, 3.01, 3.15, 2.95, 2.82, 3.14, 2.84. எதிலும் சரியாக மூன்று வரவில்லை என்பதை யாராவது ஒருவர் சொல்வார். அதுதான் பாடம் தொடங்கும் இடம். எது மூன்றுக்கு மிக அருகில்? எது மிகத் தொலைவில்? 8023 விதைகளை எண்ணியதில் 3.01, 580 செடிகளை எண்ணியதில் 2.82. ஏன்? இப்போது ஜோடிக்கு இரண்டு நாணயம் கொடுத்துச் சுண்டச் சொல்லுங்கள், குறைந்தது ஒரு தலை விழுந்தால் 'நெட்டை'. இருபது முறை சுண்டிய ஜோடிக்குக் கண்டபடி வரும். வகுப்பு முழுவதையும் கூட்டினால் மூன்றை நெருங்கும். 3:1 என்பதை மனப்பாடம் செய்தவர்களுக்கும் இப்படி அதன் பக்கத்தில் போய் நின்றவர்களுக்கும், பிறகு ஒரு கணக்கு கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

நாக்கு மடிக்கிறது, காது மடல் ஒட்டியிருக்கிறதுன்னு சர்வே எடுக்கலாமே? ஈஸியா இருக்கும்.

எடுக்கலாம், ஆனால் 'இது ஒற்றை ஜீன், ஓங்கு பண்பு' என்று முடித்துவிடாதீர்கள். நாக்கு மடிப்பதை அப்படி 1940இல் எழுதியவர் மரபியலாளர் ஸ்டர்டவண்ட். 1952இலேயே ஒரே கரு இரட்டையரில் ஒருவர் மடிக்க, மற்றவர் மடிக்க முடியாததைக் காட்டிவிட்டார்கள். காது மடலும் இரண்டே வகையில் அடங்காது, நடுவில் எல்லா அளவிலும் உண்டு. வகுப்பில் காது மடலை இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிட்டால் அதுவே நல்ல வினவல்.

வீட்டுக்கு அனுப்பி அப்பா, அம்மா, தாத்தா என்று குடும்ப மரபு வரைபடம் போடச் சொல்வதை நான் தவிர்க்கச் சொல்வேன். பெற்றோர் உடனில்லாத பிள்ளையும், தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அப்பாவுக்கு நாக்கு மடங்காது, அம்மாவுக்கும் மடங்காது, எனக்கு மட்டும் மடங்குகிறதே என்று தவறான பாடத்தால் ஒரு பிள்ளை குழம்பிப்போவது தேவையா?

சோதனை தப்பா வந்துட்டா? போன தடவை ஒரு வட்டம்கூட மிதக்கல.

மிதக்காததற்குக் காரணம் தேடுவதும் அதே சோதனைதான். சோடா போட மறந்தார்களா? இலை முற்றியதா, ரோமம் உள்ளதா? வானம் மூடியிருந்ததா? குழுவுக்கொரு சந்தேகத்தைக் கொடுத்து, அதை மட்டும் மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். மாறி, கட்டுப்பாடு என்பதெல்லாம் வரையறையாகச் சொல்லும்போது ஏறாதது இப்போது ஏறும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். நம் செய்முறைத் தேர்வுகளில் "வர வேண்டிய" விடையை எழுதும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. மேலே மெண்டல் எண்களில் ஒன்றுகூடச் சரியாக மூன்று இல்லை என்பதைக் காட்டியே இதைப் பேசலாம்.

பிள்ளைங்க தப்பான முடிவுக்கு வந்துட்டா அப்படியே விட்டுடறதா?

விடக்கூடாது. அன்றே திருத்தாமல் இரண்டு நாள் விடலாம், அவ்வளவுதான். பழைய கதை ஒன்று இதற்கு உதவும். பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் ஹெல்மாண்ட் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு செய்தார். அளவெடுத்ததில் பிழையில்லை, முடிவு தவறு. எங்கே சறுக்கினார் என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். 'காத்த மறந்துட்டாரு' என்று சொல்ல ஒரு பீரியட் ஆகலாம்.

அதற்குப் பிறகு நீங்கள் தெளிவாக, பலகையில் எழுதி, சரியான விளக்கத்தைச் சொல்ல வேண்டும். ஐந்து கட்டத்தில் விளக்குதல் என்று ஒன்று இருப்பது சும்மா அல்ல.

வழிகாட்டாம விட்டா பிள்ளைங்க கத்துக்க மாட்டாங்கன்னு ஆராய்ச்சியே வந்திருக்காமே?

வந்திருக்கிறது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை அது. புதிதாகக் கற்பவரின் செயல்படு நினைவு (ஒரே நேரத்தில் மனதில் வைத்து யோசிக்கும் இடம்) சின்னது, குறைந்த வழிகாட்டலோடு தேடவிட்டால் தேடலிலேயே அது தீர்ந்துவிடும், கற்க மிச்சமிருக்காது என்பது வாதம். அடுத்த வருடமே மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர் பதில் எழுதினார்கள்: நல்ல வினவல் வகுப்பில் வழிகாட்டல் நிறையவே உண்டு, வழிகாட்டாத கண்டுபிடிப்பையும் இதையும் ஒன்றாகக் கட்டக்கூடாது என்று.

என் பார்வையில் இரு தரப்பும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். 'போய்க் கண்டுபிடியுங்க' என்று அனுப்பிவிட்டு ஆசிரியர் நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் அது வினவல் முறை ஆகாது. உருளைக்கிழங்குக் கேள்வியில் நடு இரண்டு படி போதும் என்று சொன்னதும் இதனால்தான். அட்டவணைக் கட்டம் போட்டுக் கொடுங்கள், எதை அளப்பது என்று சொல்லுங்கள். மெல்லக் கற்போருக்கு இந்தத் தாங்கல் இன்னும் அதிகம் வேண்டும். வகுப்பில் கெட்டிக்காரர்கள் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தால் எங்கோ வழிகாட்டல் குறைகிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரி, பப்ளிக் எக்ஸாமுக்கும் நீட்டுக்கும் இது உதவுமா?

மறைக்காமல் சொல்கிறேன். புத்தகத்தின் பின்பக்க வினாவை அப்படியே கேட்கும் தேர்வுக்கு மனப்பாடம்தான் குறுக்குவழி. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. பன்னிரண்டாம் வகுப்பில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வின் பெரும்பகுதிக்குத் திருப்புதல் அவசியம், அதை நிறுத்தச் சொல்லும் ஆள் நான் இல்லை.

நீட்டில் 720க்கு 360 மதிப்பெண் உயிரியலுக்கு. அதிலும் பெரும்பாலானவை வரிக்கு வரி படித்தவருக்கானவைதான். ஆனால் கூற்று-காரணம், வரைபடம், 'எது சரியான இணை அல்ல' வகைக் கேள்விகளில், ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள் தடுமாறுவது குறைவு. இதற்கு மேல் நான் வாக்குறுதி தர மாட்டேன். வினவல் முறையால் நூற்றுக்கு நூறு வரும் என்று யாராவது சொன்னால் அவர் ஏதோ விற்கிறார்.

இதுக்கு மார்க் எப்படிப் போடறது?

முடிவுக்கு மார்க் போடாதீர்கள். கணிப்புக்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார்களா, எண்களை ஒழுங்காகப் பதிந்தார்களா, முடிவு அந்த எண்களிலிருந்துதான் வருகிறதா: இந்த நான்கைப் பார்த்தால் போதும். ஒன்பதாம் வகுப்புவரை வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் இதைச் சேர்த்துவிடலாம். ஆர்வமுள்ள குழு இருந்தால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினர் அதை நடத்துகிறார்கள். 10 முதல் 17 வயதுவரை பங்கேற்கலாம்.

எதையெல்லாம் செய்யவே கூடாது?

ரத்தம் எடுப்பது வேண்டாம். ரத்த வகை பார்க்க வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற லேப் டெக்னீஷியன், ஆளுக்கொரு புதிய ஊசி, பெற்றோர் சம்மதம் மூன்றும் இருக்க வேண்டும். கைவிரல், கழிப்பறைக் கைப்பிடி என்று ஒற்றியெடுத்துப் பாக்டீரியா வளர்த்துத் தட்டைத் திறந்து பார்க்கவும் கூடாது. ரொட்டிப் பூஞ்சை என்றால் மூடிய கவரிலேயே பார்த்துவிட்டு, கவரோடு அப்புறப்படுத்துங்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். பெராக்சைடைக் கண்ணில் படாமல் கையாள வேண்டும், அதிகச் செறிவுள்ளதை வாங்கவே வேண்டாம். உமிழ்நீர்ச் சோதனையில் குழாயை அவரவரே கழுவட்டும். ஓடவிட்டு நாடித்துடிப்பு அளக்கும் முன் இதயக் கோளாறு யாருக்காவது உண்டா என்று விசாரியுங்கள். எடை, உயரத்தை வகுப்பு முன்னால் படித்துக் காட்டாதீர்கள்.

எதைக் கேட்டாலும் போன்ல பார்த்துட்டு வந்து பதில் சொல்லிடறாங்க. அப்புறம் வினவறதுக்கு என்ன இருக்கு?

போனில் கிடைக்கும் பதிலுக்கான கேள்வியைக் கேட்டால் அப்படித்தான் ஆகும். உங்கள் பள்ளி வளாகத்தைப் பற்றிக் கேளுங்கள். 'நம்ம ஸ்கூல் மரங்களில் எந்த இலைக்கு அடிப்பக்கம் துளை அதிகம்?' என்பதற்குக் கூகுளில் விடை இல்லை. நிறமில்லாத நெயில்பாலிஷை இலையில் மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரம் காயவிட்டு, செல்லோடேப்பை ஒட்டி உரித்துச் சிலைடில் ஒட்டினால் இலைத்துளையின் அச்சு கிடைக்கும். மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று.

'இலைத்துளை கீழ்ப்பக்கம்தான் இருக்கும்' என்று போனில் பார்த்துவிட்டு வந்த பையனிடம் குளத்து அல்லி இலையைக் கொடுங்கள், அதற்கு மேல்பக்கம். புல்லைக் கொடுங்கள், இரண்டு பக்கமும். அப்புறம் வாசலில் நிற்கும் அரளியைக் கொடுங்கள். எந்தப் பக்கம் அச்செடுத்தாலும் தெளிவான துளை கிடைக்காது. கீழ்ப்பக்கத்தில் ரோமம் அடைத்த குழிகள் மட்டும் தெரியும், துளைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பார்க்க பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பு அண்ணன்களுக்கு அது தெரியும், அவர்களிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.